ருசி பார்ப்பதெல்லாம் சாப்பாடா?

பேக்கரி மாஸ்டர் ஓர் அறைக்குள் வருவதற்கு முன்னால் அவருடைய தொப்பை வரும். தொப்பைக்கும் முன்னால் அவருடைய பேச்சு வந்துவிடும். ஐம்பத்தெட்டு வயதில் அந்த மனிதரிடம் இரண்டு கர்வங்கள் இருந்தன. தன் கையால் செய்த கேக்கை இதுவரை ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை என்பது ஒன்று. இத்தனை வருடம் பேக்கரியில் நின்றும் அங்கே ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை என்பது இன்னொன்று. முதல் கர்வம் ஏறக்குறைய உண்மை. இரண்டாவதுதான் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

புளுகுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் மனதாரத்தான் சொன்னார். வீட்டிலிருந்து டப்பாவில் சாப்பாடு கொண்டுபோவார். மதியம் மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அதைத்தான் சாப்பிடுவார். மற்ற நேரத்தில் அவர் செய்ததெல்லாம் ருசி பார்ப்பது. மேசை ஓரத்தில் ஒரு டம்ளர் நிறையச் சின்னக் கரண்டிகள் நிற்கும். பிசைந்த மாவில் ஒரு கிள்ளு. வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த கிரீமில் ஒரு கரண்டி, எசென்ஸ் விட்டபிறகு மறுபடி ஒரு கரண்டி, சந்தேகம் வந்தால் இன்னொன்று. அடுப்பிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிஸ்கட்டின் மூலை. நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார், "உப்பு பத்தல" என்பார், கரண்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிவார். அதெல்லாம் வேலை. வேலையைப் போய் யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா? அந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

பேக்கரி அவருடைய மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த மச்சானுக்கு எதை வாயில் போட்டாலும் "சூப்பர்" என்று மட்டுமே சொல்லத் தெரியும். ஒருமுறை சர்க்கரை போட மறந்த கேக்கைத் தின்றுவிட்டு "சூப்பர் மாப்ள, திகட்டாம இருக்கு" என்றார். அன்றிலிருந்து மாஸ்டர் தன் நாக்கை மட்டுமே நம்பினார்.

மாஸ்டரின் மனைவி ஒரு டிரைவிங் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லாருக்கும் அவர் டீச்சர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, பயந்து நடுங்குகிற ஆட்களைப் பெரிய ரோட்டில் ஓட்டவைப்பது அவர் தொழில். கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். மாஸ்டர் வாயைத் திறந்து அளந்துகொண்டே போனால் டீச்சரின் வலது கால் தானாகத் தரையை ஓர் அழுத்து அழுத்தும்.

வியாதி வந்தது சிரிப்பாகத்தான் வந்தது. மாஸ்டர் குளியலறைக்குள் போனால் வெளியே வர நேரமாயிற்று. டீச்சர் கதவைத் தட்டி, "என்ன, உள்ளயே குடியிருக்கப் போறீங்களா?" என்பார். "நான் ரெடி, அது ரெடி இல்ல" என்று உள்ளேயிருந்து பதில் வரும். வயசானால் அப்படித்தான் என்று மாஸ்டர் தட்டிக்கழித்தார். இடுப்பு எலும்பில் வலி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்பிலும் ஓரிரண்டு இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். அறுத்து எடுத்துவிடும் கட்டம் தாண்டிவிட்டது. ஆண் ஹார்மோனைத் தீனியாக்கி வளரும் நோய் என்பதால் அந்த ஹார்மோனையே உடம்பில் வரவிடாமல் நிறுத்தும் ஊசியைப் போட்டார்கள்.

ஊசி நன்றாகவே வேலை செய்தது. பி.எஸ்.ஏ. என்று ரத்தத்தில் ஓர் எண் பார்ப்பார்கள், அது ஏறினால் நோய் ஏறுகிறது என்று அர்த்தம். அது மளமளவென்று இறங்கியது. கூடவே மாஸ்டருக்குத் திடீர் திடீரென்று உடம்பு தகதகவென்று கொதித்து, வியர்த்துக் கொட்டி, உடனே குளிர்ந்தது. மாதவிடாய் நின்ற காலத்தில் டீச்சர் இதே பாட்டைப் பட்டபோது மின்விசிறிக்காகச் சண்டை போட்டவர் மாஸ்டர். இப்போது அவர் விசிறிக்கு அடியில் போய் நின்றால் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "வாங்க வாங்க. அன்னைக்கு என்ன சொன்னீங்க? மனசை லேசா வெச்சுக்கிட்டா சரியாயிடும்னு சொன்னீங்கல்ல?"

"உன் சாபம்தான்டி இது" என்றார் மாஸ்டர்.

இரண்டு வருடம் இப்படிச் சிரித்துக்கொண்டே ஓடியது. பிறகு அந்த எண் மறுபடி ஏற ஆரம்பித்தது. இதைச் சொன்ன டாக்டர் ஒல்லியான பெண்மணி. பேச்சில் பூசிமெழுகுவது கிடையாது.

"ஊசிதான் போடறீங்களே, அப்புறம் அதுக்கு எங்கேருந்து தீனி?" என்று கேட்டார் மாஸ்டர்.

"உங்க உடம்பு குடுக்கறத நிறுத்தினோம். சில கட்டிங்க அப்புறம் கொலஸ்ட்ராலை எடுத்து, உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் ஹார்மோனைத் தயார் பண்ணிக்கும்."

"அடப்பாவி, கள்ளச்சாராயம் காய்ச்சுதா!"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்துச் சொன்னது சிரிப்பதற்கில்லை. வழக்கமாக இதற்குப் பிறகு கடுமையான கீமோ மருந்து கொடுப்பார்கள். மாஸ்டரின் இதயம் இருக்கும் லட்சணத்துக்கு அதைத் தாங்காது. மிச்சமிருப்பது ஒரு வழி. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு புது மாத்திரையைச் சோதனை செய்துகொண்டிருக்கிறார்கள். அதில் மாஸ்டரைச் சேர்க்க முடியும்.

"மாத்திரை என்ன பண்ணும்?" என்று கேட்டார் டீச்சர்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு செல் ரெண்டா பிரியணும்னா ரெண்டுக்கும் சுவர் வேணும். அந்தச் சுவர் பெரும்பாலும் கொழுப்பாலதான் ஆனது. சாதாரண செல்லுங்க நிறையப் பேரு ரத்தத்துல வர்ற கொழுப்பை எடுத்து ஒப்பேத்திக்கும். புற்றுசெல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சர்க்கரையை உடைச்சு, சொந்தமா கொழுப்பு செய்யற மெஷினை ராத்திரி பகலா ஓட்டும். ரத்தத்துல வேணுங்கறது மிதந்துக்கிட்டு இருந்தாலும் ஓட்டும். சுவருக்குப் போக மிச்சத்தைத் துளித்துளியா சேத்து வெச்சுக்கிட்டு, பசி வந்தா எரிச்சுக்கும்."

மாஸ்டர் இதை வாய் பிளந்து கேட்டார். "அப்போ என்னை மாதிரியே ஒருத்தன் உள்ள உக்காந்துக்கிட்டு பேக்கரி நடத்தறான்."

"லைசென்ஸ் இல்லாம" என்றார் டாக்டர். "இந்த மாத்திரை அந்த மெஷினை நிறுத்தும். ஆனா மெஷின் நின்னா அது சும்மா கை கட்டிக்கிட்டு இருக்காது. ரத்தத்துல ஓடற கொழுப்பை உள்ள இழுக்கப் பாக்கும். அதனால இந்தச் சோதனையில மாத்திரையோட பத்தியமும் உண்டு. வெண்ணெய், எண்ணெய், இனிப்பு எல்லாத்தையும் சுத்தமா குறைக்கணும்."

"இழுக்கற கதவையே அடைக்க மருந்து இல்லையா?" என்றார் டீச்சர்.

"அதுக்கும் ஆராய்ச்சி நடக்குதும்மா. கதவை அடைக்க ஒண்ணு, சேத்து வெச்சதை எரிக்க விடாம பண்ண ஒண்ணு, உள்ள இருக்கற கொழுப்பைத் துருப்பிடிக்கற மாதிரி கெடுத்து அந்தச் செல்லையே சாகடிக்க ஒண்ணு. எதுவும் இன்னும் முடிவான பேச்சு இல்ல. இந்த மாத்திரையும் சோதனைதான், பலிக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ரத்தக் கொழுப்பு இறங்கலன்னா, பத்தியத்தை மீறறீங்கன்னு சோதனையிலேருந்து எடுத்துடுவாங்க. எடுத்துட்டா என் கையில வேற மருந்து இல்ல."

மாஸ்டர் பேனாவை வாங்கி, சோதனையில் சேரக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் டீச்சரின் ராஜ்ஜியம் ஆரம்பித்தது. வீட்டிலிருந்த எண்ணெய், வெண்ணெய் அத்தனையும் டிரைவிங் பள்ளி காரின் டிக்கியில் போய்ப் பூட்டிக்கொண்டது. தட்டில் ஆவியில் வெந்த காய், ஆவியில் வெந்த மீன், ஆவியில் வெந்த இன்னும் ஏதோ ஒன்று. மாஸ்டர் அதைப் பார்த்து, "இதுக்கு ஆவியே தேவலாம்" என்றார். ஆனாலும் வாயைக் கட்டினார். மனிதரை எத்தனை வேண்டுமானாலும் நக்கலடிக்கலாம், இதில் குறை சொல்ல முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கையலம்பிவிட்டு வெறும் தண்ணீரோடு எழுந்து வந்தார். பயம் அப்படி. உயிர் மேல் அவ்வளவு ஆசை இருக்கிறது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மாத்திரையின் அடையாளம் உடம்பில் தெரிந்தது. உள்ளங்கை தோல் உரிந்தது, கண் மணல் விழுந்தது போல் உறுத்தியது. மாவு பிசையக் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. டாக்டர் சொட்டு மருந்தும் களிம்பும் எழுதிக் கொடுத்து, "தோலுக்கும் கண்ணுக்கும் எண்ணெய் சுரக்கற இடத்துலயும் அதே மெஷின்தான். அங்க நிக்குதுன்னா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்.

"அப்போ நம்ம ஆளு பேக்கரியும் மூடியிருப்பான்" என்று மாஸ்டர் குதூகலமாகக் கிளம்பினார்.

அடுத்த தடவை போனபோது டாக்டரின் முகம் சரியில்லை. பி.எஸ்.ஏ. ஏறியிருந்தது. ரத்தக் கொழுப்பு ஓர் இம்மிகூட இறங்கவில்லை. மாஸ்டரின் எடையும் இருந்த இடத்திலேயே குந்தியிருந்தது.

"என்ன சாப்பிடறீங்கன்னு உண்மையச் சொல்லுங்க."

மாஸ்டர் ஒன்றுவிடாமல் சொன்னார். ஆவி, ஆவி, ஆவி. டாக்டர் அவரை விட்டுவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நிறைய வீட்டுல இது நடக்கறதுதான். ஆள் வாடறதப் பாத்து மனசு கேக்காம ஏதாவது குடுத்துடுவாங்க. நீங்க பாசத்துல குடுக்கறது இவருக்குப் போகல, அதுக்குப் போகுது. இன்னும் ஒரு ரத்தப் பரிசோதனை வரைக்கும்தான் என்னால தாங்கிப் பிடிக்க முடியும்" என்றார்.

டீச்சருக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. "நான் குடுக்கல" என்றார். டாக்டர் தலையை ஆட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்பது தெரிந்தது.

காரில் ஏறியதும் வெடித்தார். "சொல்லுங்க. எங்க திங்கறீங்க?"

"நான் எங்கயும் திங்கல."

"அப்போ அந்தக் கொழுப்பு வானத்துலேருந்து வந்துதா? உங்களுக்கு எப்பவுமே கொழுப்பு ஜாஸ்தின்னு தெரியும், ஆனா ரத்தத்துலயுமா?"

"உன் மேல சத்தியமா ஒரு வாய்கூட வெளிய சாப்பிடல."

"என் மேல சத்தியம் பண்ணாதீங்க. பண்ணிட்டு நாளைக்குப் போய்ச் சேர்ந்தீங்கன்னா நான் யாரைக் கேக்கறது?" என்றவருக்குக் குரல் உடைந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தியமும் உண்மை, பரிசோதனையும் உண்மை என்றால் எது பொய் என்று அவருக்கு விளங்கவில்லை. தான் ஒன்றும் செய்யாமலே சாகப்போகிறோம் என்று முதல் தடவையாக நினைத்தார்.

டீச்சர் விடுகிற ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து, நடுப்பகலுக்கு முன்னால், வகுப்பு ஒன்றை ரத்து செய்துவிட்டு பேக்கரிக்கு வந்தார். மச்சான் "வாம்மா" என்று வாயெடுப்பதற்குள் விரலை உதட்டில் வைத்து அடக்கிவிட்டு, பின்கட்டுக்குப் போய் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஏதாவது டப்பா ஒளித்து வைத்திருப்பார், எடுத்துத் தின்பார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று எண்ணம்.

மாஸ்டர் எதையும் ஒளிக்கவில்லை. ஜாலியாக எதையோ முணுமுணுத்துக்கொண்டு கிரீமில் ஒரு கரண்டி விட்டார், நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார். சர்க்கரை போட்டார். மறுபடி ஒரு கரண்டி. பிஸ்கட் தட்டு வந்தது, மூலையை உடைத்தார். பன் மாவில் ஒரு கிள்ளு. வேறொரு பாத்திரத்தில் சாக்லேட் கிரீம்; அதில் இரண்டு. டீச்சர் முதலில் எண்ணிக்கொண்டுதான் வந்தார். பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் கரண்டிகள் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்ன பண்றீங்க?"

மாஸ்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். கரண்டி வாயிலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டு, "வேலை பண்றேன்" என்றார்.

"வாயில என்ன?"

"கிரீம்."

"கிரீம் எதுல பண்றீங்க?"

"வெண்ணெய்லதான். வேற எதுல பண்ணுவாங்க?"

"ஒரு வாய்கூட சாப்பிடலன்னு சத்தியம் பண்ணீங்க!"

"இது சாப்பாடா? ருசி பாக்கறேன்!" என்று மாஸ்டர் நிஜமான ஆச்சரியத்தோடு சொன்னார். சத்தம் கேட்டு வந்த மச்சான்கூட, "ஆமாம்மா, அது வேலைதானே" என்றார். இரண்டு பேரும் டீச்சரை ஏதோ தெரியாமல் உளறுகிறவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

டீச்சர் அவர்களோடு வாதாடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இன்னும் எவ்வளவு வேலை இருக்கோ அத்தனையும் பண்ணுங்க. வாயில வைக்கறத மட்டும் இதுல போடுங்க."

மாஸ்டர் வீம்புக்குச் சம்மதித்தார். ஒவ்வொரு கரண்டியும் கிண்ணத்துக்குப் போயிற்று. முதலில் கேலி பேசிக்கொண்டே போட்டார். கிண்ணத்தின் அடி மறைந்ததும் பேச்சு குறைந்தது. மஞ்சளும் பழுப்புமாகக் கிரீம் மேல் கிரீமாக ஏறி, பிஸ்கட் மூலைகள் அதில் குத்தி நின்றபோது பேச்சே நின்றுவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மச்சான் அதைத் தராசில் வைத்தார். கால் கிலோவுக்கு மேல் இருந்தது. அதுவும் காலையில் டீச்சர் வருவதற்கு முன்னால் உள்ளே போனதை விட்டுவிட்டு.

"சூப்பர்" என்று வழக்கம்போல ஆரம்பித்த மச்சான் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவனோட அடுப்பை அணைச்சுட்டு, நானே தட்டுல வெச்சு ஊட்டியிருக்கேன்" என்றார். பிறகு, "மாசக்கணக்கா ஊட்டியிருக்கேன்மா" என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் திட்டவில்லை. மறு கையால் கிண்ணத்தை எடுத்துக் குப்பையில் கவிழ்த்தார்.

டாக்டரிடம் சொல்வதா என்ற பேச்சு வந்தபோது டீச்சர் ஒரே அடியாக அடித்துவிட்டார். "சொன்னா பத்தியம் மீறினீங்கன்னு எடுத்துடுவாங்க. வாயை மூடிக்கிட்டு ரத்தக் கொழுப்பை இறக்கற வழியப் பாருங்க."

ஆனால் ருசி பார்க்காமல் எப்படி வேலை செய்வது? வாயில் வைத்துத் துப்பிப் பார்த்தார். வெண்ணெய் என்ன கல்லா, துப்பினால் திரும்பி வர? உருகி உள்ளே போய்விட்டது. "கல்லாப் பக்கம் வந்து உக்காரு மாப்ள" என்றார் மச்சான். "நீங்க உக்காந்திருக்கறதே போதாதா?" என்று மாஸ்டர் எரிந்து விழுந்தார். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு, அளவை மட்டும் நம்பி ஆரஞ்சு கேக் செய்தார். மச்சான் தின்றுவிட்டு சூப்பர் என்றார். சாயங்காலம் ஓர் அம்மாள் கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்து கண்ணாடி மேல் வைத்தாள். மாஸ்டரின் கர்வத்தில் மிச்சமிருந்ததும் அன்றைக்குக் காலி.

மறுநாள் டீச்சர் தன் காலை வகுப்புகளைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு, பேக்கரிக்கு வந்து டம்ளரிலிருந்து ஒரு கரண்டியை உருவினார். "நான் பாக்கறேன். நீங்க பண்ணுங்க."

முதல் சில நாள் கூத்துதான். டீச்சருக்கு இனிப்பே பிடிக்காது. நாக்கில் வைத்தவுடன் பாகற்காயைக் கடித்தது போல முகம் போகும்.

"எப்படி இருக்கு?"

"இனிப்பா இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? எப்படி இனிக்குது?"

"எடுத்த எடுப்புல வேகமா போகுது. அப்புறம் பிரேக்கே பிடிக்க மாட்டேங்குது."

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் யோசித்துப் பார்த்தால், சர்க்கரை தூக்கல், உப்பு குறைவு என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். சிட்டிகை உப்பு போட்டுவிட்டுக் கேட்டால், "இப்ப கியர் விழுந்துடுச்சு" என்றார் டீச்சர். "குலுக்கிக் குலுக்கிப் போகுது" என்றால் கிரீம் சரியாக அடிபடவில்லை. "வண்டி நின்னுருச்சு" என்றால் எசென்ஸ் எதுவும் தெரியவில்லை. பிற்பாடு மாஸ்டருக்குக் கேள்வியே தேவைப்படவில்லை. மனைவியின் புருவத்தைப் பார்த்தே போடுவதைப் போட்டார். கல்யாணம் ஆகி இவ்வளவு காலத்தில் அந்த முகத்தை இத்தனை உன்னிப்பாகப் பார்த்ததில்லை என்று அவரே வெட்கமில்லாமல் ஒத்துக்கொண்டார். கேக் எதுவும் அதன்பின் திரும்பி வரவில்லை. டீச்சருக்கு மட்டும் சீட் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மாட்ட வேண்டியதாயிற்று.

"நான் இறங்கறேன், நீ ஏறற" என்றார் மாஸ்டர்.

"பேசாம வேலையப் பாருங்க."

பரிசோதனை நாள் வந்தது. இரண்டு பேரும் டாக்டரின் அறையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. ரத்தக் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. பி.எஸ்.ஏ. இறங்கவில்லை; ஆனால் ஏறவும் இல்லை, நின்றிருந்தது.

"நிக்கறதே நல்ல சேதிதான். மாத்திரையாலயா, பத்தியத்தாலயா, ரெண்டாலயுமான்னு ஒரு ஆளை வெச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சோதனையில இருக்கீங்க" என்றார். மாஸ்டர் மூச்சை விட்டார். அப்போது டாக்டர் டீச்சரின் கையைத் தட்டிக்கொடுத்து, "இதைத்தாம்மா சொன்னேன். நீங்க குடுக்கறத நிறுத்தினீங்க, பாருங்க, உடனே தெரியுது. உங்க பாசம் இவரைக் கொல்லப் பாத்துது. இனிமேலாவது மனசைக் கல்லாக்கிக்கங்க" என்றார்.

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மச்சான் ஒரு சொல் கூட்டிச் சொன்னால் வீட்டை இரண்டாக்குகிற மனுஷி. ரோட்டில் எவனாவது ஒரு தடவை அதிகமாக ஹாரன் அடித்தால் இறங்கிப் போய்க் கேட்கிற மனுஷி. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க டாக்டர்" என்றாள். புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்ற பேச்சை, தண்ணீர்கூட இல்லாமல் அப்படியே விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியதை மாஸ்டர் பார்த்தார். தினமும் பார்த்துப் பழகிய தொண்டை அது.

"டாக்டர், இவ இல்ல" என்றார். "நான்தான்."

டீச்சரின் கை அவர் தொடையைக் கிள்ளியது. மாஸ்டர் நிறுத்தவில்லை. கரண்டி, கிரீம், கிண்ணம், கால் கிலோ எல்லாவற்றையும் சொன்னார். "இவ எண்ணெயக் கார் டிக்கியில வெச்சுப் பூட்டினவ. அந்த மாசமெல்லாம் நான்தான் வெண்ணெய் தின்னேன். தின்னேன்னு தெரியாமலே தின்னேன். எழுதறதா இருந்தா என் பேருல எழுதுங்க."

டாக்டர் திரையில் பழைய பக்கங்களைத் திறந்து பார்த்தார். பிறகு, "இதைக் கேட்டுட்டு நான் சும்மா இருக்க முடியாது. அந்த மாசங்கள்ல மாத்திரை தோத்துப் போச்சுன்னு நாங்க எழுதி வெச்சிருக்கோம். அதைத் திருத்தணும். உங்களை வெச்சிக்கறதா வேண்டாமான்னு சோதனைக் குழுதான் சொல்லணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டீச்சர் பக்கம் திரும்பி, "என்னை மன்னிச்சுக்கங்கம்மா" என்றும் சொன்னார்.

கார் நிறுத்துமிடம் வரை டீச்சர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். கதவைச் சாத்தியதும் இரண்டு கையாலும் அவர் தோளில் மாறி மாறி அடித்தார். "யாரு சொல்லச் சொன்னா? உங்க உசிருல எனக்குப் பங்கு இல்லையா? என்னைக் கேக்காம எப்படித் தூக்கிக் குடுத்தீங்க? அந்தப் பேச்சை நான் எதுக்கு வாங்கினேன்? பைத்தியக்காரியா நானு?"

"அடி. நல்லா அடி" என்றார் மாஸ்டர். "நீ தலையக் குனிஞ்சத பாத்துட்டு, வீட்டுக்கு வந்து நான் எப்படிம்மா உசிரோட உக்காந்திருப்பேன்?"

"உக்காந்திருக்கணும். எனக்காக உக்காந்திருக்கணும்" என்று அழுதார் டீச்சர். "எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் மாஸ்டர். வியாதி வந்ததிலிருந்து அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

குழுவின் முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க டீச்சர் பேக்கரிக்கு வந்தார், கரண்டியை எடுத்தார், கேக்கைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசவில்லை. மச்சான் சூப்பர் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார். போன் வந்தபோது மாஸ்டர் கையுறையோடு எடுக்கத் தெரியாமல் தடுமாறினார். மச்சான் வாங்கி அவர் காதில் வைத்துப் பிடித்தார். டீச்சர் வாயில் கிரீமோடு அப்படியே நின்றார்.

மாஸ்டர் கேட்டார். "சரிங்க" என்றார். மறுபடியும் "சரிங்க" என்றார். மச்சான் போனைக் காதிலிருந்து எடுத்தபிறகும் தலையைச் சாய்த்தபடியே இருந்தார்.

"வெச்சுக்கறாங்களாம்" என்றார். "மாத்திரை உண்டு. ஆனா அந்தப் பழைய மாசமெல்லாம் கணக்குல கிடையாதாம். இன்னைலேருந்துதான் புதுசா ஆரம்பமாம்." ஏதாவது கிண்டலாகச் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் வாயிலிருந்ததை விழுங்கினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றார். பிறகு கரண்டியைத் தொட்டியில் போட்டார்.

"எழுந்திருங்க" என்றார். "இதுல சர்க்கரை பத்தல."

மாஸ்டர் எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்தார்.